லாவோஸ் பழைய ஸ்டாம்ப் வாங்குறவங்களுக்கு ஒரு சின்ன டிப்

லாவோஸ்ல ராஜா ஆட்சி இருந்த காலத்து ஸ்டாம்ப், அதாவது 1951ல இருந்து 1975க்குள்ள வந்தது, இதுல பலதும் ஸ்டீல் தகட்டுல கையால செதுக்கி பாரிஸ்ல அச்சடிச்சது, அதுலயும் 1958 யானை செட் இருக்கே, தோல் சுருக்கம் கூட ஒவ்வொரு கோடா எண்ணலாம்! டிசைன் பண்ணது மார்க் லெகே, லாவோஸ்ல பல வருஷம் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர். 10x லென்ஸ் வச்சு கீழ் ஓரத்தைப் பாருங்க, குட்டியூண்டு எழுத்துல அவர் பேரும் செதுக்கினவர் பேரும் பெரும்பாலும் இருக்கும்.

செதுக்கி அச்சடிச்சதான்னு தெரியணும்னா ஸ்டாம்ப்பை லைட்டுக்கு கீழ சாய்ச்சுப் பிடிங்க, மை லேசா மேடா தெரியும், லென்ஸ்ல பார்த்தா எல்லாமே கோடும் புள்ளியுமா ஷார்ப்பா இருக்கும். ஆஃப்செட்ல, அதாவது செதுக்காம தட்டையா அச்சடிக்கிற முறையில அடிச்சதுன்னா மை தட்டையா இருக்கும், கலரெல்லாம் பொடிப்பொடி புள்ளியா ஒரே மாதிரி வரிசையில நிக்கும். 1975க்கு அப்புறம் வந்ததுல பெரும்பாலும் இந்த ரகம்தான், முத்திரை குத்தியிருக்கும் ஆனா பின்னாடி பசை அப்படியே இருக்கும், அதாவது தபால்ல போகாம கலெக்டருக்குன்னே குத்தி வித்தது. அழகாதான் இருக்கும், ஆனா அதுக்கு அதிக காசு குடுக்காதீங்க.

பசையோட வாங்குறப்ப பின்பக்க போட்டோ கண்டிப்பா கேளுங்க, ஈரப்பதத்துல பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும், விக்கிறவர் முன்பக்கம் மட்டும்தான் காட்டுவார். கையில தொடாம ட்வீசர்ல எடுங்க. யானை செட் ரொம்ப விலையும் இல்ல, அதுலயே ஆரம்பிக்கலாம்.