‘போயிருந்தேன்’ எல்லாம் ‘ஹேட் கான்’ ஆகிவிடாது: ஆங்கில இறந்தகாலத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

“ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே.” திங்கட்கிழமை காலையில் எந்த அலுவலகத்திலும் காதில் விழக்கூடிய வாக்கியம். கேட்பவர் நம்மூர்க்காரர் என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். லண்டன்காரர் என்றால் பேச்சு இன்னும் முடியவில்லை என்று நினைத்துக் காத்திருப்பார். மதுரைக்குப் போயிருந்தீர்கள், சரி, எது நடப்பதற்கு முன்னால்? ‘ஹேட் கான்’ என்று ஆரம்பித்தால் பின்னாலேயே இன்னொரு சம்பவம் வரவேண்டும் என்பது அந்த மொழியின் எதிர்பார்ப்பு. நாமோ அதோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், குற்றவாளி நம்முடைய ‘இரு’தான். ‘நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பது தமிழில் குறையே இல்லாத முழு வாக்கியம். போனேன், வேலையை முடித்தேன், திரும்பியும் வந்துவிட்டேன் என்பதை எல்லாம் அந்த ஒரு ‘இருந்தேன்’ சொல்லிவிடுகிறது. பள்ளியில் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்றால் ‘செய்திருந்தேன்’ என்று எழுதிப்போட்டுச் சொல்லித்தந்திருப்பார்கள். அதை அப்படியே பிடித்துக்கொண்டு, தமிழில் ‘இருந்தேன்’ வரும் இடத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் ‘ஹேட்’ போடுகிறோம். போதாததற்கு, ‘ஹேட்’ சேர்த்தால் வாக்கியத்துக்கு ஒரு கனம் வந்துவிடுவதாகவும் நம்மிடையே ஒரு நம்பிக்கை. “ஐ ஹேட் சென்ட் த மெயில் ஆன் மண்டே”, “அஸ் ஐ ஹேட் மென்ஷன்ட் ஏர்லியர்” என்று அலுவலக மின்னஞ்சல்களில் வண்டி வண்டியாக ‘ஹேட்’ இறங்குவது இதனால்தான். “ஐ சென்ட்”, “அஸ் ஐ மென்ஷன்ட்” என்றாலே போதும். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

‘ஹேட்’ வேண்டும் என்றால் கடந்தகாலத்தில் இரண்டு சம்பவங்களாவது இருக்கவேண்டும். அவற்றில் எது முந்தியதோ அதற்குத்தான் ‘ஹேட்’. சம்பவம் ஒன்றே ஒன்று என்றால் சாதாரண இறந்தகாலம். “ஐ வென்ட் டு மதுரை எஸ்டர்டே.” அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், ‘ஹேட்’ உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் அதை விட்டுவிடுகிறோம். ‘நான் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் கிளம்பிவிட்டது.’ இதைப் பலரும் “வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் லெஃப்ட்” என்று சொல்வார்கள். ஆங்கிலக்காரருக்கு இது கேட்கும் விதமே வேறு: நீங்கள் உள்ளே நுழைந்தீர்கள், உங்களுக்காகவே காத்திருந்ததுபோல் ரயில் உடனே நகர்ந்தது. நீங்கள் சொல்ல வந்தது, போவதற்குள் அது போய்விட்டது என்று. அதற்கு “த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்” என்றுதான் வரவேண்டும். தமிழில் இங்கே ‘இருந்தது’ கட்டாயமில்லை, ‘விட்டது’ அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே மனதில் வைக்கவேண்டிய வாய்பாடு பள்ளியில் சொன்னதற்கு ஏறக்குறைய நேர்மாறு. ஒற்றை வாக்கியத்தில் வரும் ‘போயிருந்தேன்’ பெரும்பாலும் ‘வென்ட்’. ‘நான் போனபோது அது நடந்துவிட்டது’ என்பதில் வரும் ‘விட்டது’ பெரும்பாலும் ‘ஹேட்’.

இதிலும் ஒரு சலுகை உண்டு. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ போன்ற சொற்களே எது முன், எது பின் என்று காட்டிவிட்டால் ‘ஹேட்’ இல்லாமலும் எழுதலாம். “த ட்ரெயின் லெஃப்ட் பிஃபோர் ஐ ரீச்ட் த ஸ்டேஷன்” சரியான ஆங்கிலம்தான். இதைத் தவறு என்று சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்பதா வேண்டாமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

இன்னொன்று: “ஐ ஹேட் ஃபீவர் எஸ்டர்டே” என்பதில் உள்ள ‘ஹேட்’ வேறு. அது ‘ஹேவ்’ என்ற வினையின் சாதாரண இறந்தகாலம், அதில் பிழை இல்லை. அந்த வினையே முந்திய சம்பவமாக வந்தால் ‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு முறை வரும்: “வென் ஷீ கேம், ஐ ஹேட் ஹேட் லஞ்ச்.” அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

தமிழை நம்பித் துணிந்து இறங்கக்கூடிய இடமும் ஒன்று இருக்கிறது. ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.’ இதில் வரும் ‘இருந்தால்’ அச்சு அசலாக ‘ஹேட்’: “இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்.” இரண்டு பக்கமும் ‘வுட் ஹேவ்’ போட்டு “இஃப் ஐ வுட் ஹேவ் நோன்” என்பது பேச்சில் அமெரிக்கர்களிடமும் கேட்கக் கிடைக்கும். தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும்.

நேர்முகத்தேர்வு ஆங்கிலம்

“டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்” என்றதும் நம் பிள்ளைகள் வாயில் முதலில் வருவது “ஐ வாஸ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019”. கூடவே “ஐ வாஸ் ஸ்டடீட் இன் கவர்மென்ட் ஸ்கூல்”. ‘வாஸ்’ஸும் வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்தால் அது செயப்பாட்டு வினை. இப்படிச் சொல்பவர் ‘நான் முடிக்கப்பட்டேன்’, ‘நான் ஆராயப்பட்டேன்’ என்கிறார். ‘ஐ’ என்றதும் பின்னாலேயே ‘ஆம்’, ‘வாஸ்’ என்று ஏதாவது ஒட்டவேண்டும் என்ற பழக்கத்தால் வரும் வினை இது. “ஐ கம்ப்ளீட்டட்”, “ஐ ஸ்டடீட்” என்று வெறுமனே நிறுத்தப் பழகவேண்டும்.

இதைத் திருத்த முயலும் சிலர் “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019” என்பார்கள். இங்கேயும் அதே ‘இரு’ வந்து காலை வாருகிறது. ‘2019ல டிகிரி முடிச்சிருக்கேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வந்தால் முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் அந்த வாக்கியத்தில் வரக்கூடாது. நேற்று, போன வாரம், 2019 என்று தேதி சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வெளியே போகவேண்டியதுதான். ஒன்று, “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி” என்று ஆண்டைச் சொல்லாமல் விடுங்கள். இல்லை, “ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019” என்று ‘ஹேவ்’வை விடுங்கள்.

‘வாஸ்’ கட்டாயம் வரவேண்டிய இடம் பிறப்பு. தமிழில் நாமே பிறக்கிறோம், ஆங்கிலத்தில் பெற்றெடுக்கப்படுகிறோம். “ஐ வாஸ் பார்ன் இன் திருச்சி.” இதை மட்டும் ‘வாஸ்’ இல்லாமல் “ஐ பார்ன்” என்றோ, ‘வாஸ்’ஸுக்குப் பதில் ‘ஆம்’ போட்டோ சொல்லிவிடுகிறார்கள்.

அதே அறையில் கேட்கும் இன்னொரு வாக்கியம்: “ஐ யூஸ்டு டு கம் ஆன் டைம்.” சொல்பவர் தன் ஒழுக்கத்தைச் சொல்கிறார், ‘நேரத்துக்கு வருவது என் வழக்கம்’ என்று. எதிரே இருப்பவர் காதில் விழுவது ‘முன்பெல்லாம் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தேன், இப்போது வருவதில்லை’. ‘யூஸ்டு டு’ விட்டுப்போன பழக்கத்துக்கு உரியது. இன்றும் தொடரும் பழக்கம் என்றால் “ஐ யூஷுவலி கம்” அல்லது வெறும் “ஐ கம்”.

விட்டுப்போன பழக்கத்தைச் சொல்லும்போதோ ‘யூஸ்டு டு’வை மறந்துவிடுகிறோம். ‘சின்ன வயசுல பஸ்ஸுல போய்க்கிட்டிருந்தேன்’ என்பதை “ஐ வாஸ் கோயிங் பை பஸ்” என்று சொன்னால், ஒரு குறிப்பிட்ட நாள், ஒரு குறிப்பிட்ட நேரம், பஸ்ஸில் போகும் வழியில் ஏதோ நடந்தது என்றுதான் அர்த்தம் போகும். நம் ‘கொண்டிருந்தேன்’ அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்ததற்கும் நெடுநாள் பழக்கத்துக்கும் பொது. ஆங்கிலத்தின் ‘வாஸ் கோயிங்’ அப்படி இல்லை. இங்கே “ஐ யூஸ்டு டு கோ” அல்லது “ஐ வென்ட்” வரவேண்டும். உடைமையைச் சொல்லும்போது ‘ஹேவிங்’ கூடவே கூடாது. “வென் ஐ வாஸ் எ சைல்ட், வீ வேர் ஹேவிங் ஃபோர் சிக்கன்ஸ்” என்றால் உங்கள் வீட்டில் நான்கு கோழிகள் வளர்ந்தன என்று கேட்பவருக்குப் புரியாது. குடும்பமாக உட்கார்ந்து நான்கையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று புரியும். “வீ ஹேட் ஃபோர் சிக்கன்ஸ்” என்று சொல்லிக் கோழிகளைக் காப்பாற்றுங்கள்.

‘டிட்’ வந்தால்

“ஐ டிட் நாட் வென்ட்”, “டிட் யூ சா ஹிம்?” இவற்றைத் திருத்த விதி எதுவும் மனப்பாடம் செய்யவேண்டாம், தமிழ் எதிர்மறையைக் கவனித்தால் போதும். ‘போனேன்’ என்பதில் இறந்தகாலம் தெரிகிறது. எதிர்மறையாக்கினால் ‘போகவில்லை’. இறந்தகால அடையாளம் கழன்று ‘போக’ மட்டும் நிற்கிறது. ‘போனேனில்லை’ என்று நாம் பேசுவதில்லை. ‘வென்ட்’ போய் ‘கோ’ நிற்பதும் அதேதான்: “டிட் நாட் கோ”. காலத்தைக் காட்டும் பொறுப்பை ‘டிட்’ எடுத்துக்கொண்டது.

கேள்வியில்தான் தமிழ் உதவாது. ‘போனாயா?’ என்பதில் இறந்தகாலம் அப்படியே இருப்பதால் “டிட் யூ வென்ட்?” என்று வந்துவிடுகிறது. ‘எங்கே போனீங்க?’ என்பது “வேர் யூ வென்ட்?” ஆகிறது. “டிட் யூ கோ?”, “வேர் டிட் யூ கோ?” என்பவையே சரி. ஆனால் வேலையைச் செய்த ஆள் யார் என்று கேட்கும்போது ‘டிட்’ வேண்டாம்: “ஹூ கேம்?”, “ஹூ ப்ரோக் த க்ளாஸ்?”.

‘டிட்’ சேர்த்தால் தெளிவாக இருக்கும் என்று “ஐ டிட் கோ” என்று எப்போதும் சொல்பவர்களும் உண்டு. அது ‘போகத்தான் செய்தேன்’. யாராவது நீங்கள் போகவே இல்லை என்று சாதித்தால் மட்டும் சொல்லுங்கள்.

முன்னால், சொன்னார், முடிந்தது

‘அவர் பத்து வருஷத்துக்கு முன்னால் இறந்தார்’ என்பதை “ஹீ டைட் டென் இயர்ஸ் பிஃபோர்” என்கிறோம். இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘அகோ’: “டென் இயர்ஸ் அகோ”. கடந்தகாலத்தில் ஒரு புள்ளியை வைத்து அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் ‘பிஃபோர்’, அங்கே ‘ஹேட்’டும் கூட வரும்: “வென் ஐ மெட் ஹிம் இன் 2015, ஹீ ஹேட் ரிட்டயர்ட் டூ இயர்ஸ் பிஃபோர்.” அதாவது 2013ல் ஓய்வு பெற்றவர்.

‘வருகிறேன் என்று சொன்னார்’ என்பதில் தமிழ் அவர் சொன்னபடியே நிகழ்காலத்தை விட்டுவைக்கிறது. ஆங்கிலம் அதையும் பின்னுக்கு இழுக்கும்: “ஹீ செட் ஹீ வாஸ் கமிங்.” “ஹீ டோல்ட் தட் ஹீ இஸ் கமிங்” என்பதில் இரண்டு பிழைகள் சேர்ந்திருக்கின்றன. ‘டோல்ட்’ என்றால் யாரிடம் என்று உடனே சொல்லியாகவேண்டும். இன்றைக்கும் உண்மையாக இருக்கும் செய்தி என்றால் நிகழ்காலத்தையே வைத்துக்கொள்ளலாம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நேற்று ஒருவர் சொல்லியிருந்தாலும் இன்றும் சுற்றத்தான் செய்கிறது.

‘எப்படியோ பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது’ என்பதற்கு “ஐ குட் கேட்ச் த பஸ்” சரிப்படாது. ஒரு தடவை நடந்தேறிய காரியத்துக்கு ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’. முடியவில்லை என்றால் “குட்ன்ட்” தாராளமாக வரலாம்.

வடிவமும் ஒலியும்

வி ஒன், வி டூ, வி த்ரீ அட்டவணையை எல்லோரும் உருப்போட்டிருப்போம், அதனால் ‘கேட்ச்ட்’, ‘டீச்ட்’ போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒன்றோடொன்று மோதும் ஜோடிகள்தான் தொல்லை. விழுந்தது ‘ஃபெல்’, உணர்ந்தது ‘ஃபெல்ட்’. “ஐ ஃபெல்ட் டவுன்” என்றால் மனம் சோர்ந்திருந்தேன் என்றாகிவிடும். கண்டுபிடித்தது ‘ஃபவுண்ட்’, நிறுவியது ‘ஃபவுண்டட்’. படுத்தது ‘லே’, கீழே வைத்தது ‘லெய்ட்’, பொய் சொன்னது ‘லைட்’. இதில் தாய்மொழிக்காரர்களே தடுமாறுகிறார்கள். ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’ மூன்று வடிவத்திலும் மாறாதவை. ‘ரீட்’ எழுத்தில் மாறாது, ஒலியில் ‘ரெட்’ ஆகும்.

கடைசியில் ஒட்டும் ‘ஈ டி’யை எல்லா இடத்திலும் ‘எட்’ என்று படிப்பது நம் பக்கத்தில் அதிகம்: ‘வாக்கெட்’, ‘ஆஸ்கெட்’, ‘வாட்ச்செட்’. வினையின் கடைசி ஒலி ‘டி’ வகையாக இருந்தால் மட்டுமே தனி அசை வரும்: ‘வான்டிட்’, ‘நீடிட்’. மற்ற இடங்களில் அசை கூடாது: ‘வாக்ட்’, ‘வாட்ச்ட்’, ‘ஓப்பன்ட்’. விதிக்கு அடங்காத சில பெயரடைகள் உண்டு. ‘படித்தேன்’ என்ற பொருளில் ‘லேர்ன்ட்’ ஒரே அசை. நீதிமன்றத்தில் வக்கீல்கள் எதிர்த்தரப்பு வக்கீலை ‘மை லேர்னிட் ஃப்ரெண்ட்’ என்று குறிப்பிடும்போது அதே எழுத்துகள் இரண்டு அசையாக ஒலிக்கும்.