கோடை மலை முகாமுக்குக் கதகதப்பு உடை: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சித்திரை மாதத்தில் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் முதுகுப்பையுடன் மலை முகாமுக்குப் புறப்படுகிறவர்களில் பலர், தங்கள் வீட்டு வாசலில் அடிக்கும் வெயிலைப் பார்த்துத்தான் துணி எடுத்து வைக்கிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது. மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே உயரத்தால் மட்டுமே ஏறத்தாழ 12 டிகிரி வேறுபாடு வந்துவிடுகிறது. இதற்கு மேல் இரவு, காற்று, திடீரென்று இறங்கும் கோடை மழை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே புறப்படுமுன் பார்க்க வேண்டியது ஊரின் பகல் வெப்பத்தை அன்று. கூடாரம் போடப்போகும் உயரத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எவ்வளவு குளிரும் என்பதையே பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிள்ளை குளிரில் நடுங்கிவிடக் கூடாதே என்ற கவலையில் வீட்டார் தடித்த ஸ்வெட்டர், ஜெர்கின், போர்வை என்று எல்லாவற்றையும் பைக்குள் திணித்து அனுப்புகிறார்கள். பாரம் கூடினால் வியர்வை கூடும்; வியர்வை உள்ளாடையை நனைக்கும்; நடை நின்றதும் அந்த ஈரமே குளிரைக் கொண்டுவரும். உடம்பைக் கதகதப்பாக வைத்திருப்பது துணியின் எடை அன்று. இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் உலர்ந்த காற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. தண்ணீரோ அசையாத காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால், எவ்வளவு தடித்த துணியும் உடம்புச் சூட்டை வெளியே கொண்டுபோகும் வழியாகிவிடுகிறது.

இதனால்தான், பருத்தியை நம்பி வாழும் நம் மண்ணில் சொல்வதற்குச் சற்றுத் தயக்கமாக இருந்தாலும், மலை இரவுக்குப் பருத்தி ஆகாது என்று அழுத்தமாகச் சொல்கிறேன். நூல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடும், கம்பளி சுமார் 16 விழுக்காடும், பாலியஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவும் ஈரத்தை ஏற்கின்றன. கம்பளி அதிகமாக ஈரம் வாங்கினாலும், அதன் சுருண்ட இழைகள் படிந்துவிடாமல் நிமிர்ந்து நிற்பதால் உள்ளே காற்று ஓரளவு தங்கிவிடுகிறது. பருத்தி அப்படியன்று, நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், லேசில் உலரவும் உலராது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளியங்கிரியை நினைத்துக்கொள்ளலாம். பங்குனி, சித்திரையில் அடிவாரத்துப் பூண்டியிலிருந்து இரவோடு இரவாக ஏறுகிறவர்கள் பலர், வழியிலுள்ள ஆண்டி சுனையில் குளித்துவிட்டு நனைந்த வேட்டியோடும் பனியனோடும் உச்சியான ஏழாவது மலையில் நிற்பார்கள். ஒரு முறை, என் பக்கத்தில் நின்ற இளைஞரின் விரல்கள் நடுங்கிய நடுக்கத்தில் விபூதிப் பொட்டலத்தை அவரால் பிரிக்க முடியவில்லை. அதை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். அவர் பையில் நல்ல தடிமனான சட்டை ஒன்று இருந்தது. ஆனால் ஈரப் பனியனைக் கழற்றாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டதால், அந்தச் சட்டையும் சற்று நேரத்தில் நனைந்துவிட்டது. முதலில் பனியனைக் கழற்றி உடம்பைத் துடைத்திருந்தால், அந்த ஒரு சட்டையே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

அடுத்த தவறு நம் ஊர்ப்பக்கத்துக்கே உரியது. இதில் ஏமாறாதவர்கள் குறைவு. திருப்பூரில் ‘ஃப்ளீஸ்’ என்று கேட்டால், உட்புறம் பிரஷ் செய்த, பஞ்சு போல மெத்தென்றிருக்கும் பருத்தித் துணியையோ பருத்தி கலந்த துணியையோதான் பெரும்பாலும் காட்டுவார்கள். தலைமூடி வைத்த ஸ்வெட் ஷர்ட்டுகள் தைக்கும் துணி அது. மலையேறுகிறவர்கள் ஃப்ளீஸ் என்று சொல்வதோ முழுக்கப் பாலியஸ்டரால் ஆன போலார் ஃப்ளீஸை. இரண்டும் கைக்கு ஒரே மாதிரி இதமாக இருக்கும், பெயரும் ஒன்றே. ஆனால் மழையில் ஒரு முறை நனைந்தால் முன்னது கல்லாய்க் கனக்கும். பின்னதைப் பிழிந்து உதறினால் மறுபடி உடுத்திக்கொள்ளலாம். திருப்பூரின் துணிச் சந்தையான காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத் துணிகளில் இரண்டும் கலந்தே கிடக்கும் என்பதால், பெயரை நம்பாமல் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படிக்க வேண்டும். லேபிளை வெட்டியிருந்தால் தையல் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, கடைக்கு வெளியே எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான கரிய மணியாகத் திரளும். கம்பளி முடி கருகும் நாற்றம் தரும்.

ஜி.எஸ்.எம். கூடக்கூடக் கதகதப்பும் கூடும் என்று நினைப்பதும் இதோடு சேர்ந்த பிழை. அந்த எண் ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் சொல்கிறதேயன்றி, அதில் எவ்வளவு காற்று தங்கும் என்பதைச் சொல்வதில்லை. 300 ஜி.எஸ்.எம். பருத்தியைவிட 200 ஜி.எஸ்.எம். போலார் ஃப்ளீஸ் மலையில் பல மடங்கு பயன்படும், சுமையும் குறைவு. சந்தேகப்படுகிறவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு மேலாடைகளையும் தண்ணீரில் முக்கிக் கையால் நன்றாகப் பிழிந்து, சமையலறைத் தராசில் நிறுத்து, அந்தி சாய்ந்தபின் கொடியில் போட்டுவிட்டு, படுக்கப் போகுமுன் மீண்டும் நிறுத்துப் பார்த்தால் எதைப் பையில் வைப்பது என்ற கேள்வி தீர்ந்துவிடும்.

ஜீன்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது கனமான பருத்தி, வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒரே தடித்த ஆடையை நம்புவதும் தவறு. உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய பாலியஸ்டர் பனியன் அல்லது மெரினோ ஆட்டின் மென்கம்பளியால் ஆன பனியன், அதன் மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய நைலான் உறை என்று மூன்று அடுக்குகளாக வைத்துக்கொண்டால், ஏறும்போது கழற்றி, நிற்கும்போது போட்டுக்கொண்டு வியர்வையைக் கட்டுக்குள் வைக்கலாம். இந்த மூன்றாவது அடுக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃப்ளீஸுக்குள் காற்று எளிதாகப் புகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனைமலைப் பக்கம் வீசும் நாளில், உறை இல்லாத ஃப்ளீஸ் பாதிப் பயன்கூடத் தராது. அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கடையிலேயே போட்டு, கையை உயர்த்திப் பார்த்து வாங்க வேண்டும். இறுக்கமான உறை உள்ளிருக்கும் ஆடையை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிடும். ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் காலுறைகளைப் போட்டுக் காலைக் காலணிக்குள் திணிப்பதிலும் இதே கோளாறுதான் இருக்கிறது. இரத்த ஓட்டம் குறைந்து கால் விரல்கள் இன்னும் குளிரும்.

பறவையின் மென்சிறகு அடைத்த டவுன் ஜாக்கெட், எடைக்குத் தரும் கதகதப்பில் எல்லாவற்றையும் மிஞ்சும் என்பது உண்மை. மே மாதத்தில் இமாச்சலத்துக்குப் போகிறவர்களுக்கு அது ஏற்றது. நம் மலைகளின் கோடை மழைக்கு அதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். சிறகு நனைந்து கட்டியாகிவிட்டால் அதற்குள் காற்றே இருக்காது. பாலியஸ்டர் பஞ்சு அடைத்தது சற்றுக் கனம் கூடினாலும் ஈரத்தைத் தாங்கும்.

தீ மூட்டிக் குளிர்காயலாம் என்று எண்ணி உடையைக் குறைப்பது மிக ஆபத்தான தவறு. கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் ஈரோடு மாவட்டத்து இளைஞர்களும் உயிரிழந்தார்கள்; அந்தத் துயரம் நம் வீடுகளுக்குத் தெரியும். நெருப்பே இல்லாத இரவுக்குத்தான் உடையைத் திட்டமிட வேண்டும். தவிர, பாலியஸ்டரும் நைலானும் நெருப்பின் அருகே உருகித் தோலில் ஒட்டும்.

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகவே போய்விடும் என்று சொல்வது மிகை. தலையும் தன் பரப்பளவுக்கு ஏற்ற அளவில்தான் சூட்டை இழக்கிறது. ஆனாலும் ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள கம்பளிக் குல்லாயை விட்டுச் செல்லக் கூடாது, ஏனெனில் அவ்வளவு சிறிய எடையில் அவ்வளவு இதம் தரும் பொருள் வேறில்லை. கழுத்தில் போடும் நம் பருத்தித் துண்டு வெயிலுக்கும் துடைப்பதற்கும் ஆகும். இரவில் தலைக்குக் கட்ட ஆகாது.

கடைசியாக, எடுத்து வைக்கும் முறை. உறங்குவதற்கென்று ஒரு முழுக்கைப் பனியன், ஒரு பேன்ட், ஒரு ஜோடி காலுறை ஆகியவற்றைத் தடித்த பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி முதுகுப்பையின் அடியில் வைக்க வேண்டும். நடக்கும்போது எவ்வளவு குளிர்ந்தாலும் அதைத் தொடக் கூடாது. ஃப்ளீஸும் நைலான் உறையும் பையின் மேல்வாயில் இருக்க வேண்டும். ஏற்றம் முடிந்து உட்கார்ந்ததும், குளிர் தெரிவதற்கு முன்பே, உடம்பில் சூடு இருக்கும்போதே அவற்றைப் போட்டுக்கொள்ள வேண்டும்.