காசிமேட்டுக் காற்றில் இகாரஸ்: அச்சுப்படத்துக்குச் சட்டம் போடும் முறை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. உப்புக்காற்றில் புதுப் பூட்டும் சீக்கிரமே துருவேறிவிடும். இந்த வீட்டில்தான் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘இகாரஸ்’ படம் 12 ஆண்டுகளாகச் சுருக்கமில்லாமல் தொங்குகிறது.

பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகளில், வண்ணம் பூசிய தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி மத்தீஸ் உருவாக்கிய படம் இது. 1947இல் அவருடைய ‘ஜாஸ்’ என்ற படத்தொகுப்பில் ஸ்டென்சில் முறையில் அச்சானது. நீல வானம், கறுத்த உடல், சுற்றிலும் மஞ்சள் வெடிப்புகள், நெஞ்சில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. என்னுடையது நகல் அச்சுதான். இருந்தாலும் அந்தச் சிவப்பு மங்கினால் எனக்கு மனம் ஆறாது.

கிரேக்கக் கதையில் மகன் இகாரஸுக்கு மெழுகால் ஒட்டிய இறகுகளில் சிறகு கட்டிவிட்ட டேடலஸ், ‘உயரே போனால் வெயிலில் மெழுகு உருகும், தாழப் பறந்தால் கடல் ஈரத்தில் இறகு கனக்கும்’ என்று எச்சரித்தான். இந்தப் படத்துக்கும் அதே வெயில், அதே ஈரம்தான் பகை.

முதலில் வாங்கிய பிரதியை ஒரு கடையில் ஹார்ட்போர்டில் முழுக்கப் பசை தடவி ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரே ஐப்பசி மழையில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. ஈரத்தில் தாள் விரியும்; அதற்கு இடம் விட வேண்டும். ஆகவே படத்தைப் பின்னட்டையில் மேல்விளிம்பில் மட்டும், இரண்டே இடத்தில், மெல்லிய கைத்தாள் துண்டுகளால் தொங்கவிடுங்கள். செல்லோடேப் கூடவே கூடாது, கறை விடும். மைதாவைக் காய்ச்சிய பசை போதும். பூச்சிக்குப் பயந்து மயில்துத்தம் கலக்காதீர்கள். அதிலுள்ள செம்பு நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும்.

படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவே, படம் தெரியும்படி ஜன்னல்போல் வெட்டிய, அமிலமில்லாத மவுண்ட் அட்டை வையுங்கள். கடைக்காரரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள், சாதாரண அட்டை ஓரத்தில் பழுப்புக் கோடு போடும்.

ஆணியும் கொக்கியும் பித்தளையில் இருக்கட்டும். மழை ஊறும் வெளிச்சுவரை விட்டு உள்சுவரில் மாட்டுங்கள். எங்கள் கிழக்கு ஜன்னலில் காலை வெயில் நேராக விழுவதால் அதற்கு எதிர்ச்சுவரையும் விட்டுவிட்டேன். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும்.

தை பிறந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் சட்டத்தைப் பிரித்து, படத்தை மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள்.