கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டே விமான அமெனிட்டி கிட் சேர்ப்பது எப்படி?

நீண்ட தூர விமானங்களில் பிசினஸ் கிளாஸிலும் ஃபர்ஸ்ட் கிளாஸிலும் செல்பவர்களுக்கு, இருக்கையில் அமர்ந்த சற்று நேரத்தில் ஒரு சிறு பையைக் கொடுப்பார்கள். கண்மறைப்பு, காலுறை, காதடைப்பான், பல் துலக்கி, சுண்டுவிரல் அளவுப் பற்பசை, உதட்டுக்கும் கைக்கும் பூசும் களிம்பு, சில நிறுவனங்களில் சீப்பும் வாசனைத் திரவியமும் அதற்குள் இருக்கும். உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியாக விலை பேசினால் பெரிய தொகை தேறாது. இருந்தும் அமெனிட்டி கிட் எனப்படும் இந்தப் பையைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் நானும் அவர்களில் ஒருவன். பிசினஸ் கிளாஸில் நான் ஒரு முறைகூடப் பறந்ததில்லை என்பதையும், என் இரும்பு பீரோவில் அறுபதுக்கும் மேற்பட்ட கிட்கள் இருக்கின்றன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறக்காதவரும் இதைச் செய்யலாம் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

எதில் இருக்கிறது ஈர்ப்பு

இந்தப் பை எந்தக் கடையிலும் விற்பனைக்கு வருவதில்லை. பணம் இருந்தாலும் அந்த விமானத்தில், அந்த வகுப்பில், அந்த ஆண்டில் பயணம் செய்தவர் கையிலிருந்துதான் அது வெளியே வந்தாக வேண்டும். எமிரேட்ஸ் நிறுவனத்துக்கு இத்தாலியின் புல்காரி, கத்தார் ஏர்வேஸுக்கு முன்பு பிரிக்ஸ், பின்னர் பாரீஸின் டிப்டிக், பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு தி ஒயிட் கம்பெனி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சூட்ஸ் வகுப்புக்கு லாலிக் என ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு புகழ்பெற்ற பெயரோடு கைகோத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அந்தப் பெயருக்கும் விமானத்துக்கும் நடுவில் ஃபார்மியா, வெஸ்கோ போன்ற தயாரிப்பு நிறுவனங்கள் நின்று, பையைத் தைப்பது முதல் பெட்டியில் அடுக்கி அனுப்புவது வரை பார்த்துக்கொள்கின்றன. காசுள்ள வாடிக்கையாளரின் கையில் தன் களிம்பு போய்ச் சேர்வது அழகுசாதன நிறுவனத்துக்கு விளம்பரம். விமான நிறுவனத்துக்கோ அது கௌரவம். இந்த ஒப்பந்தங்களும் வடிவங்களும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு கிட்டைக் கையில் எடுத்தவுடன் அது ஏறக்குறைய எந்த ஆண்டுகளில் வானத்தில் இருந்தது என்று சொல்லிவிட முடிகிறது. டெல்டா விமான நிறுவனத்தின் டூமி பிராண்டு பை என்றால் 2013-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. தபால்தலை சேர்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் விளக்காமலே புரியும்.

மூடிப்போன நிறுவனங்களின் கிட் இன்னும் ஒரு படி மேல். நமக்குப் பக்கத்து ஊரான பெங்களூருவில் பதிவு அலுவலகம் வைத்து 2005-இல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர் 2012-இல் நின்றுபோனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் தரையிறங்கியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்து மறைந்தது. இவற்றின் பைகள் இனி ஒன்றுகூடப் புதிதாக வரப்போவதில்லை. நம் மாவட்டங்களில் பல வீட்டுப் பரண்களில் அவை இன்னும் கிடக்கின்றன என்பது என் அனுபவம்.

பயணிக்குப் பரிசளிக்கும் இந்தப் பழக்கம் எந்த உயரத்துக்குப் போகும் என்பதற்கு ஏர் இந்தியாவே சான்று. 1967-இல் அந்த நிறுவனம், தன் சிறப்புப் பயணிகளுக்குத் தருவதற்காக ஓவியர் சால்வடார் டாலியிடம் ஒரு பீங்கான் சாம்பல் கிண்ணத்தை வடிவமைத்து வாங்கியது. அதைத் தாங்கும் அன்னம், தலைகீழாகப் பார்த்தால் யானையாகத் தெரியும். டாலி கூலியாகக் கேட்டது ஒரு யானைக் குட்டி. அது பெங்களூருவிலிருந்து விமானத்தில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிண்ணம் நம் கைக்கு எட்டாது என்றாலும், ஓசூரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த யானைக் குட்டியின் நினைவு வருவதுண்டு.

முதலில் எல்லையைக் குறுக்குங்கள்

கிடைத்ததையெல்லாம் சேர்ப்பவருக்கு ஓராண்டுக்குள் இடமும் பொறுமையும் தீர்ந்துவிடும். ஒரு நிறுவனத்தின் எல்லா வடிவங்களும், அல்லது ஒரே வடிவத்தின் எல்லா நிறங்களும், அல்லது இந்தியாவில் மூடப்பட்ட நிறுவனங்கள் மட்டும் என ஏதேனும் ஒரு வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் கேஎல்எம் விமான நிறுவனம் 1950-களிலிருந்து உயர் வகுப்புப் பயணிகளுக்கு டெல்ஃப்ட் எனப்படும் நீலப் பீங்கானில் செய்த குட்டி வீடுகளைத் தந்து வருகிறது. 1919 அக்டோபர் 7 அன்று தொடங்கிய அந்த நிறுவனம், ஆண்டுதோறும் அதே நாளில் புதிய வீடு ஒன்றை வெளியிட்டு, வீட்டின் எண்ணும் நிறுவனத்தின் வயதும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. வரிசை எண் உள்ள பொருளைச் சேர்ப்பதில் எது விடுபட்டது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். வரம்பு எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பரவாயில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த நீக் வெர்மியூலன் விமானத்தின் வாந்திப் பைகளை மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் சேர்த்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். என் வரம்பு, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் தாமே பயணம் செய்து கொண்டுவந்த கிட் என்பதுதான்.

யாரிடம் கேட்பது

சேலம் காமலாபுரத்துக்கு வந்துபோகும் சிறிய விமானங்களில் இதெல்லாம் கிடைக்காது. ஓசூரில் விமான நிலையம் வரும் என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, வரும்போது பார்க்கலாம். இப்போதைக்கு நமக்கு வாசல் தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையம்தான். அங்கிருந்து யார் நீண்ட தூரம் பறக்கிறார்கள் என்று யோசித்தால் விடை நம் தெருவிலேயே இருக்கிறது. மாங்கூழ் ஆலைக்காரர்கள் ஆண்டுதோறும் துபாயில் நடக்கும் உணவுக் கண்காட்சிக்குச் செல்கிறார்கள். கிரானைட் ஏற்றுமதி செய்பவர்கள் இத்தாலியின் வெரோனா நகரில் நடக்கும் கல் கண்காட்சிக்குச் செல்கிறார்கள். ஓசூரிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை செய்யும் பிள்ளைகள் கம்பெனி செலவில் பிராங்பர்ட்டுக்கும் டோக்கியோவுக்கும் போகிறார்கள். இவர்களில் பலருக்கு அந்தப் பை ஒரு பொருட்டே இல்லை. ஆலை நடத்தும் ஒருவரிடம் முதன்முறை கேட்டபோது, "அந்தப் பைங்களா? பாப்பா பென்சில் வச்சுக்கிட்டு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகுதுங்க" என்றார். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் புல்காரி என்று பொறித்த பையில் ரப்பரும் ஸ்கேலும் இருந்தன.

ஆகவே பயணம் முடிந்த பிறகு கேட்பதைவிடப் புறப்படும் முன்பே சொல்லிவைப்பது நல்லது. எதைச் சொல்ல வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் துபாய்ப் பயணத்தைவிட, இரவு முழுவதும் நீளும் ஐரோப்பியப் பயணத்தில்தான் கிட் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எல்லாத் தடத்திலும் தருவதில்லை. கொடுத்தால் உறையைப் பிரிக்க வேண்டாம், தூங்க வேண்டியிருந்தால் கண்மறைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். இறங்கும் நேரத்தில், பயன்படுத்தாத கிட் மிச்சம் இருந்தால் ஒன்று கிடைக்குமா என்று பணிப்பெண்ணிடம் மரியாதையாகக் கேட்கலாம். பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள், மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும். பக்கத்து இருக்கையில் யாரோ விட்டுச் சென்றதை எடுக்கும் முன்பும் கேட்டுக்கொள்வதே முறை. ஒலி குறைக்கும் ஹெட்போன், போர்வை, தலையணை போன்றவை விமானத்தின் உடைமை. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தால் நான் வாங்குவதில்லை.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் இவை விற்பனைக்கு வருகின்றன. பிரிக்காத உறை, ஃபர்ஸ்ட் கிளாஸ், குறைந்த எண்ணிக்கையில் வந்த சிறப்பு வடிவம் ஆகியவற்றுக்கு விலை கூடும். 2019-இல் யுனைடெட் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் படத்துக்காக வெளியிட்ட பைகள் இந்த வகை. விற்பவரிடம் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் வெளியே பரப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் அப்படிச் செய்யாமல் வாங்கிய ஒரு பையில் காலுறை இருந்தது. களிம்புக் குழாய்களுக்குப் பதிலாக ஏதோ ஓட்டலின் ஷாம்பு இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பரிசு என்று எழுதி அனுப்பினாலும் 2019 டிசம்பருக்குப் பிறகு பழைய விலக்கு இல்லை.

கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது

எழுதிவைக்க வேண்டும். விவரம் இல்லாத கிட் வெறும் ஜிப் வைத்த பைதான். நீள நோட்டு ஒன்றில் நிறுவனம், வகுப்பு, விமான எண், எங்கிருந்து எங்கே, தேதி, விமானத்தின் வகை, பையில் உள்ள பிராண்டு, உள்ளே இருந்த பொருள்கள், கொடுத்தவர், நிலை எனக் கட்டம் போட்டு நான் எழுதுகிறேன். கொடுத்தவரிடம் போர்டிங் பாஸையும் கேட்டு வாங்குங்கள். அது பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாள் என்பதால், ஏடிஎம் சீட்டைப் போலவே சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். அன்றே செல்போனில் படம் எடுத்துவிட்டால் பிறகு வருந்த வேண்டியதில்லை.

வெயிலிலிருந்து காப்பது

என் முதல் இருபது பைகளை மொட்டைமாடி அறையின் தகரக் கூரைக்குக் கீழே, அட்டைப் பெட்டியில் வைத்திருந்தேன். இரண்டு கோடை கடந்து ஒரு சித்திரை மாதத்தில் திறந்தபோது பெட்டிக்குள்ளிருந்து புளித்த எலுமிச்சை வாசனை வந்தது. கைக்களிம்புக் குழாய் ஒன்று வெடித்து, அதன் எண்ணெய் மூன்று பைகளில் ஊறியிருந்தது. உதட்டுப் பூச்சு உருகி ஜிப்பின் பற்களுக்குள் மெழுகாக உறைந்திருந்தது. கறுப்புத் தோல் என்று நான் நம்பியிருந்த ஒரு பை, விரலால் தொட்டவுடன் வெயில் பட்ட முதுகைப் போலத் தோலுரிந்து, செதில் செதிலாக என் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

அன்று கற்றவற்றைச் சொல்கிறேன். தோல் போலத் தெரியும் பைகளில் பல, துணியின் மேல் பாலியூரித்தேன் பூசியவை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தானாகவே சிதையும். தொடங்கிவிட்டால் நிறுத்த வழியில்லை, தள்ளிப்போட மட்டுமே முடியும். எனவே பரண், மாடி அறை, மேற்குச் சுவர் அலமாரி ஆகியவற்றைத் தவிர்த்து, தரைத்தளத்தில் வீட்டின் நடு அறையில் இருக்கும் பீரோவின் கீழ்த்தட்டைத் தேர்ந்தெடுங்கள். திரவமும் களிம்பும் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எந்தப் பையுடையது என்று எழுதிய தனித்தனி ஜிப் கவரில் போட்டு, நிமிர்த்தி வையுங்கள். பிரிக்காத உறையைப் பிரிக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும்; அப்படிப்பட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், மற்றவற்றிலிருந்து விலக்கி வைத்தால் ஒன்று கசிந்தாலும் அதோடு போகும். குழாயின் மேல் திறந்த டப்பா போன்ற சின்னமும் 12எம் என்பது போன்ற எழுத்தும் இருந்தால், திறந்தபின் பன்னிரண்டு மாதம் வரை பயன்படுத்தலாம் என்று பொருள். சேகரிப்பில் உள்ள பழைய களிம்பை யாரும் முகத்தில் பூசிப் பார்க்க வேண்டாம்.

வெறும் பை மடிந்து கோடு விழாமல் இருக்க உள்ளே ஏதாவது திணிக்க வேண்டும். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும், தாளும் பழுத்து அமிலம் விடும். பர்கூர் துணிக்கடைகளில் வெள்ளைப் பருத்தித் துணியை மொத்த விலைக்கு வாங்கி, இரண்டு முறை கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து, துண்டு போட்டுப் பயன்படுத்துகிறேன். அதே துணியில் ஒவ்வொரு பைக்கும் உறையும் தைத்துக்கொண்டேன். அந்துருண்டை சில பிளாஸ்டிக்குகளைப் பிசுபிசுக்க வைக்கும் என்பதால் அதற்குப் பதில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை மாற்ற மறக்கக் கூடாது. ஜிப் இறுகினால் எண்ணெய் விடாமல் பென்சில் முனையால் தேயுங்கள். லுஃப்தான்சா ஃபர்ஸ்ட் கிளாஸிலும் ஈவா ஏர் பிசினஸ் கிளாஸிலும் தந்த ரிமோவா பெயர் தாங்கிய கெட்டிப் பெட்டிகளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. தூசியைத் துடைத்தால் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் முடிந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

மாற்றிக்கொள்வது

ஒன்றுக்கு இரண்டாக இருப்பதை வேறு ஊர்ச் சேகரிப்பாளருக்குக் கொடுத்து இல்லாததை வாங்குவதே இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பம். தபாலில் அனுப்பும்போது வாசனைத் திரவியத்தையும் ஸ்பிரே டப்பாவையும் எடுத்துவிடுங்கள். அவை தீப்பற்றும் பொருள்கள், தபாலில் அனுப்பத் தடை உண்டு.

உள்ளூரிலும் மாற்றிக்கொள்ளலாம். ராயக்கோட்டை சாலையில் இருக்கும் ஒரு கிரானைட்காரர் வீட்டில், எப்போதோ ஐரோப்பா போய்வந்த கருநீலப் பை ஒன்றில் ரேஷன் கார்டும் பட்டா நகலும் சிட்டாவும் வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கேட்டும் அந்த வீட்டு அம்மா தரவில்லை. காகிதம் பத்திரமாக இருக்கிறது என்பது அவருடைய நியாயம். சென்ற தை மாதம் அதைவிடப் பெரிதாக, இரண்டு ஜிப் வைத்த பை ஒன்றைத் தைத்துக் கொண்டுபோனேன். காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுப் பையில் வைத்து, ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகே பழையதை என்னிடம் நீட்டினார். அதன் உட்புறத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் படிந்திருந்தது. நோட்டில் நிலை என்ற கட்டத்தில், "உள்ளே மஞ்சள் கறை, துடைக்கவில்லை" என்று எழுதிக்கொண்டேன்.