செங்கோண முக்கோணி: எந்தப் பக்கத்துக்கு எந்தப் பெயர்?

திரிகோணகணிதம் தொடங்கியதும் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் சைன், கோசைனில் இல்லை. அதற்கு ஒரு படி முன்னால், பக்கங்களுக்குப் பெயரிடுவதில்தான். கொப்பி, அடிமட்டம், மூலைமட்டம் மூன்றையும் எடுத்து வையுங்கள்.

முதலாவது படி: வரையுங்கள்

8 சென்ரிமீற்றரில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். இடது முனை பி, வலது முனை சி. பி-யில் மூலைமட்டத்தை வைத்து 6 சென்ரிமீற்றர் மேலே போங்கள். அந்த முனை ஏ. பிறகு ஏ-யையும் சி-யையும் இணையுங்கள். பி-யில் 90 பாகையைக் காட்டச் சின்னச் சதுரக் குறி போட வேண்டும். நேரம் போகுது என்று இதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது படி: செம்பக்கம்

சதுரக் குறியைத் தொடாத பக்கம் எதுவோ அதுதான் செம்பக்கம். இங்கே ஏசி. அளந்து பாருங்கள், 10 சென்ரிமீற்றர் வரும். மற்ற இரு கோணங்களும் சேர்ந்தே 90 பாகைதான்; ஆகவே செங்கோணம்தான் பெரிய கோணம், அதற்கு எதிரே இருப்பதுதான் நீளமான பக்கம். (தமிழ்நாட்டு யூடியூப் பாடங்களில் ‘கர்ணம்’ என்று வந்தால் குழம்ப வேண்டாம், இதேதான்.)

6, 8, 10 மூன்றையும் வர்க்கித்துப் பாருங்கள்: 36 + 64 = 100. பைதகரசு தேற்றம் சொல்வது இதைத்தான். அத்திவாரத்துக்கு நூல் கட்டும்போது மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று மேசன்மார் பார்ப்பதும் இதையே வைத்துத்தான். 5 அடிக்குக் கூடினால் மூலை விரிந்துவிட்டது, குறைந்தால் ஒடுங்கிவிட்டது.

மூன்றாவது படி: கோணத்தைத் தெரிந்தெடுங்கள்

எந்தக் கோணம் என்று சொல்லாமல் மற்ற இரண்டு பக்கங்களுக்கும் பெயர் வைக்கவே முடியாது. சி-யை எடுப்போம். அதற்கு நேரெதிரே ஏபி, அது எதிர்ப்பக்கம். சி-யைத் தொடும் பக்கங்கள் இரண்டு. அதில் ஒன்றுக்குச் செம்பக்கம் என்று ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று. மிஞ்சிய பிசி அயற்பக்கம்.

இப்போது ஏ-யை எடுங்கள். எதிர்ப்பக்கம் பிசி, அயற்பக்கம் ஏபி. பெயர்கள் இடம் மாறிவிட்டன, செம்பக்கம் மட்டும் அசையவில்லை. ‘கிடையாக இருப்பது அயற்பக்கம், நிமிர்ந்தது எதிர்ப்பக்கம்’ என்று பாடமாக்கியவர்கள் இங்கேதான் மாட்டுப்படுவார்கள். கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பெயர்கள் மாறாது.

நான்காவது படி: விகிதங்கள்

இனிச் சுலபம். எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்தால் சைன், அயற்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்தால் கோசைன், எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுத்தால் தாஞ்சன். சி-க்கு சைன் 6/10, கோசைன் 8/10, தாஞ்சன் 6/8. ஏ-க்கு வந்தால் சைன் 8/10 ஆகிவிடும். அந்தச் சி கோணம் ஏறக்குறைய 37 பாகை.

ஒரு பயிற்சி

வலிகாமத்தில் மட்டமான வெறுங்காணியில் ஒரு பனை. நிழல் 16 மீற்றர். நிழல் நுனியிலிருந்து பார்த்தால் பனையின் உச்சி 37 பாகையில் தெரிகிறது. பனை எவ்வளவு உயரம்?

பனை எதிர்ப்பக்கம், நிழல் அயற்பக்கம். செம்பக்கம் கண்ணுக்குத் தெரியாது: உச்சியிலிருந்து நிழல் நுனிக்கு வரும் வெயிலின் கோடுதான் அது. அதன் நீளம் கேட்கப்படவும் இல்லை, ஆகவே தாஞ்சன் போதும். மேலே பார்த்த சி கோணமும் ஏறக்குறைய 37 பாகைதான், அதன் தாஞ்சன் 6/8, அதாவது 0.75. 16 × 0.75 = 12 மீற்றர். இதையே உச்சியில் உள்ள கோணத்தை வைத்துச் செய்து பாருங்கள்; அங்கே நிழல்தான் எதிர்ப்பக்கம்.