சிவப்புக் கிண்ணக் காளானா? வெளிப்புற மயிரைப் பாருங்கள்

ஐரோப்பாவில் குளிர்காலக் கடைசியில், பாசி படிந்த பட்டுப்போன கிளைகளில் முளைக்கும் சிவப்புக் கிண்ணக் காளான் எந்த இனம் என்று அறிய, கிண்ணத்தின் வெளிப்புறத்தைப் பிளேடு நுனியால் லேசாகச் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் பாருங்கள். மயிரிழைகள் ஸ்பிரிங் போலச் சுருண்டு பின்னிக் கிடந்தால் சார்கோசிஃபா ஆஸ்ட்ரியாக்கா. நேராகவோ சற்றே வளைந்தோ இருந்தால் பெரும்பாலும் சார்கோசிஃபா காக்சினியா.

நிறத்தையும் அளவையும் நம்ப வேண்டாம். இரண்டு இனத்திலும் அவை ஒன்றுபோலவே இருக்கும், வயதுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறவும் செய்யும். மயிரின் வடிவம் அப்படி மாறுவதில்லை. ஸ்போர் (காளானின் விதை போன்ற நுண்துகள்) முதிராத இளங்கிண்ணத்திலும் அதைப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி.

மழையில் அடிபட்ட பழைய கிண்ணங்களில் மயிர் உதிர்ந்திருக்கும். காம்பை ஒட்டிய பகுதியில் தேடுங்கள். லிண்டன் மரக்கட்டையில் கிடைத்தால் இந்த வழி போதாது, ஏனென்றால் அங்கே வளரும் சார்கோசிஃபா ஜுரானாவுக்கும் மயிர் ஏறக்குறைய நேர்தான். வட அமெரிக்காவின் கிழக்கில் சார்கோசிஃபா டட்லியாலும் இதே சிக்கல். அப்போது கிண்ணத்தைக் கண்ணாடித் தகட்டில் சில மணி நேரம் கவிழ்த்து வைத்து, விழும் ஸ்போரைத் தண்ணீரிலேயே பாருங்கள். காக்சினியாவில் சிறுசிறு எண்ணெய்த் துளிகள் பல இருக்கும். ஜுரானாவிலும் டட்லியிலும் பெரிய துளிகள் இரண்டு. காய்ந்த மாதிரியில் துளிகள் ஒன்றாகச் சேர்ந்து ஏமாற்றிவிடும், ஆகவே அன்றன்றே பார்த்துவிடுங்கள். மரம் எதுவென்று பிறகு பார்க்க, கட்டையிலும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.