மெஷினைப் பூட்டிவிட்டுக் கை வைக்கப் பழக்குவது எப்படி?

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் ஒருவர், தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை ஆஃப் செய்து, யாரும் மறுபடி ஆன் செய்யாதபடி அதில் பூட்டும் போட்டுவிட்டு, சிக்கியிருந்த தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டார். தகடு விடுபட்ட அடுத்த கணம், காற்றழுத்தத்தில் தகட்டைப் பிடிக்கும் ஏர் கிளாம்ப் பட்டென்று மூடிக்கொண்டது. கையுறையின் நுனி மாட்டியது, விரல் தப்பியது. கரண்ட் துளிகூட இல்லை. ஏர் லைனில் காற்று மட்டும் அப்படியே நின்றிருந்தது. பாதுகாப்புப் பயிற்சி முடித்ததாக ரிஜிஸ்டரில் அவர் கையெழுத்து இருந்தது. அதை வாங்கி வைத்தவன் நான்.

அதன்பிறகு பயிற்சியையே மாற்றினோம். சிறிய பட்டறை நடத்துகிறவர்களுக்கு உதவும் என்று அதை எழுதுகிறேன். பிரேக்கர் எது, வால்வு எது என்பது உங்களுக்குத் தெரியும்தானே, நேராக வேலைக்கு வருகிறேன்.

1. மெஷினுக்கு ஒரு தாள்

தினமும் அந்த மெஷினை ஓட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுங்கள். எங்கெல்லாம் சக்தி உள்ளே வருகிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று எழுதுங்கள்: கரண்ட், காற்று, ஹைட்ராலிக் ஆயில், சுருங்கிய ஸ்பிரிங், மேலே தூக்கி நிற்கும் பாரம், சூடு. அணைக்கும் இடம் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துத் தாளில் ஒட்டி, மெஷினிலேயே மாட்டுங்கள். ஆபீஸ் ஃபைலில் இருக்கும் தாள் யாருக்கும் பயன்படாது.

2. பூட்டு

ஒரு ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி. நம்பர் பூட்டு வாங்கவே வாங்காதீர்கள்; இரண்டே நாளில் நம்பர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வெறும் எச்சரிக்கை அட்டை தொங்கவிடுவதையும் நான் ஏற்க மாட்டேன், அட்டை யார் கையையும் தடுக்காது. பூட்டும் வேண்டும், பெயர் எழுதிய அட்டையும் வேண்டும். நாலு பேர் வேலை பார்த்தால் பல பூட்டு மாட்டும் கொக்கியைப் போட்டு நாலு பூட்டு தொங்க வேண்டும். செலவு முதலாளியுடையது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை 1981-லேயே சொல்லிவிட்டது.

3. செய்ய வைப்பது

பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல், வழக்கம்போல் நிறுத்து, எல்லா இடத்திலும் அணை, பூட்டு. இதுவரை யாரும் தப்பு செய்வதில்லை. அடுத்த இரண்டில்தான் நாங்கள் கோட்டை விட்டோம்.

முதலாவது, தேங்கியதை வெளியேற்றுவது. சாதாரண பால் வால்வை (உள்ளே ஓர் உருண்டை திரும்பி வழியை அடைக்கும் வால்வு) மூடினால் புதிதாகக் காற்று வராது, ஆனால் வால்வுக்கும் கிளாம்பைத் தள்ளும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற காற்று அங்கேயே சிறைப்பட்டு நிற்கும். எங்கள் கிளாம்பை மூடியது அந்தக் காற்றுதான். இப்போது, மூடும்போதே உள்ளிருக்கும் காற்றை வெளியே விடுகிற, பூட்டு மாட்டக்கூடிய வால்வைப் போட்டிருக்கிறோம். புஸ்ஸென்ற சத்தம் அடங்கி, பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்தில் படிந்த பிறகுதான் அடுத்த வேலை. தூக்கி நிற்கும் ரேமுக்கு, அதாவது பிரஸ்ஸில் மேலும் கீழும் போய்வரும் கனமான பாகத்துக்கு, கீழே முட்டுக்கட்டை. மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் நேரம்வரை காத்திருங்கள். அணைத்த பிறகும் அதற்குள் கரண்டைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும்.

இரண்டாவது, சோதிப்பது. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு பூட்டிய இடத்தில், மறுபடியும் கரண்ட் இருக்கும் இடத்தில். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். மெஷின் அசையவில்லை என்றால் அந்த ஸ்டார்ட் சுவிட்சை மறக்காமல் ஆஃபுக்குத் திருப்புங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துவது பூட்டுவதற்கு ஈடாகாது. அது கன்ட்ரோலை மட்டும் நிறுத்தும், பின்னால் சக்தி காத்துக்கொண்டிருக்கும்.

4. கையெழுத்து

அந்த ஆள் யார் உதவியும் இல்லாமல் முழுவதும் செய்து காட்டிய பிறகே கையெழுத்து. எந்த மெஷின், என்ன தேதி, யார் பார்த்தார், எந்த இடத்தில் தடுமாறினார் என்று எழுதுகிறோம். தடுமாறிய இடத்தை மறுநாள் இன்னொரு முறை செய்ய வைக்கிறோம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இதேதான். அமெரிக்காவில் 1989-இல் வந்த பூட்டு விதி, ஒவ்வொரு நடைமுறையையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் பார்த்துச் சரிபார்க்கச் சொல்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: பூட்டைப் போட்டவர் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உடனே கட்டரை எடுக்காதீர்கள். அவர் வளாகத்தில் இல்லை என்று உறுதிசெய்து, போனில் பிடிக்கப் பார்த்து, மெஷினைச் சுற்றிலும் பார்த்த பிறகு, பொறுப்பில் இருப்பவர் ஒருவரே வெட்ட வேண்டும். மறுநாள் பூட்டைப் போட்டவர் மெஷினைத் தொடும் முன்பே பூட்டு வெட்டப்பட்டதை நேரில் சொல்லிவிட வேண்டும். ஷிப்ட் மாறும்போது இந்தச் சிக்கலே வராதபடி, வருகிறவர் தன் பூட்டை மாட்டிய பிறகுதான் போகிறவர் தன்னுடையதைக் கழற்றுவார் என்று வைத்திருக்கிறோம். இருவரும் மெஷின் பக்கத்தில் நின்றே இதைச் செய்கிறார்கள்.